உப்புத் தண்ணி கேட்ட பாக்டீரியா

மழை பெய்ஞ்சதும் ஒரு மண்வாசனை வருதே, அதுக்குக் காரணம் மண்ணுக்குள்ள இருக்கிற ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா கூட்டம். நம்ம கதாநாயகனும் அந்தக் குடும்பம்தான்.

1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், இந்தக் குடும்பத்து பாக்டீரியா ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக் அது. அப்புறம் மருந்து கம்பெனிக்காரங்க ஊர் ஊரா மண்ணை அள்ளிச் சோதிச்சாங்க. காலப்போக்கில், கண்டுபிடிச்ச பொருளே திரும்பத் திரும்பக் கிடைக்க ஆரம்பிச்சுது.

அப்போ கடல்ல தேடலாமே? கடலடி மண்ணிலும் ஆக்டினோமைசீட்ஸ் இருந்தது. ஆனா அதெல்லாம் ஆத்துத் தண்ணி அடிச்சுக்கிட்டு வந்த நிலத்து வித்துக்கள்தான்னு பலர் ஒதுக்கிட்டாங்க.

கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஜென்சனும் வில்லியம் ஃபெனிக்கலும் அப்படி ஒதுக்கவில்லை. 1989-இல் பஹாமாஸ் தீவுகளில் சேகரித்த கடலடி மண்ணிலிருந்து பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தார்கள். சில வகைகள் கடல் தண்ணீர் கொடுத்தால்தான் வளர்ந்தன. இங்கதான் விஷயமே இருக்கு. நிலத்துலேர்ந்து வந்ததுன்னா நல்ல தண்ணியில வளரணும், இல்லையா? இது கடலையே வீடாக் கொண்ட இனம். பின்னாளில் சாலினிஸ்போரா எனப் பெயர் பெற்றது. சுமார் 1,100 மீட்டர் ஆழத்திலும் கிடைத்தது.

அதிலிருந்து சாலினோஸ்போரமைடு ஏ என்ற புதிய சேர்மத்தை ஃபெனிக்கல் குழு 2003-இல் அறிவித்தது. நம்ம செல்லுக்குள்ள வேண்டாத புரதத்தை நறுக்கிப் போட புரோட்டியசோம்னு ஒண்ணு இருக்கு. இந்தச் சேர்மம் அதோட வேலையை நிறுத்திடும். புரதத்தை வேகமா உண்டாக்குற சில புற்றுநோய் செல்கள், குப்பை சேர்ந்தே செத்துப்போகும்.

மாரிசோமிப் என்ற பெயரில் நோயாளிகளிடம் சோதனை நடந்தது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகக்கூடியது என்பதால், கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோய்க்கு உதவும் என்று நம்பினார்கள். மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுள் கூடவில்லை. காத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஏமாற்றம்தான்.

ஆனா தேடல் நிக்கலை. இந்த இனத்தில் ஒன்றின் மரபணுத் தொகுதியை 2007-இல் வெளியிட்டபோது, அதில் சுமார் 10 சதவீதம் இப்படிப்பட்ட சேர்மங்களைத் தயாரிப்பதற்கே இருப்பது தெரிந்தது. நாம இன்னைக்குப் பேசினது அதுல ஒண்ணே ஒண்ணைப் பத்தி மட்டும்தான். அடுத்த பகுதியில் சந்திப்போம்.