உவர்மலை மதிலைக் கணினிக்குள் கொண்டுவருவது எப்படி?

திருகோணமலை வீதியொன்றைக் கணினி விளையாட்டாகவோ முப்பரிமாணப் படமாகவோ உருவாக்க நினைப்பவருக்கு இணையத்தில் ஆயத்த டெக்ஸ்சர்கள் ஏராளம் உண்டு. ஐரோப்பியச் செங்கல் சுவர் நொடியில் கிடைக்கும். கிடுகு வேலியைத் தேடினால்தான் சிரமம். ஓர்ஸ் ஹில் என்று அழைக்கப்படும் உவர்மலையையும் துறைமுகக் கரையையும் சுற்றி வந்தால் தேவையானவை கண்முன்னே இருக்கின்றன: உப்புக்காற்றில் துருவேறிய தகரம், மாரிமழையில் பாசி படிந்த மதில், உரிந்த சுண்ணாம்புப் பூச்சு. அவற்றை நாமே படமெடுத்து டெக்ஸ்சராக்கலாம்.

டெக்ஸ்சர் என்றால் என்ன?

முப்பரிமாண உருவத்தின்மேல் போர்த்தப்படும் தட்டையான படம்தான் டெக்ஸ்சர். பின்னாளில் பிக்சார் நிறுவனத்தின் இணை நிறுவுநரான எட்வின் கட்முல், 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் இந்த முறையை விளக்கினார். ஒரு சதுரப் படத்தையே மீண்டும் மீண்டும் அடுக்கி நீண்ட மதிலை மூடுவார்கள். அப்போது பொருத்துக்கோடு தெரியக் கூடாது.

படம் எடுக்கும்போது

நேர்வெயிலைத் தவிருங்கள். வெயிலில் விழும் நிழல் படத்தோடு ஒட்டிவிடும். விளையாட்டில் சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அது மாறாது. மேகமூட்டமான நேரம் நல்லது. இல்லையேல் காலையில் மேற்குப் பார்த்த சுவர்களை எடுக்கலாம். கமராவைச் சுவருக்கு நேரெதிரே பிடியுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும் என்பதால் சற்றுப் பின்னால் நின்று எடுங்கள்.

மென்பொருளில் செய்ய வேண்டியவை

இலவசமான கிம்ப், கட்டண மென்பொருளான போட்டோஷொப் இரண்டிலும் வழி ஒன்றுதான்.

1. சாய்வைச் சரிசெய்து, படத்தை 1024 அல்லது 2048 பிக்சல் சதுரமாக வெட்டுங்கள். செங்கல், கிடுகு போன்றவற்றில் ஒரு வரிசை தொடங்கும் இடத்திலிருந்து இன்னொரு வரிசை தொடங்கும் இடம்வரை வெட்ட வேண்டும்.

2. ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருந்தால் லேயரைப் பிரதி எடுங்கள். பிரதியின் நிறத்தை நீக்கி, காஸியன் பிளரால் நன்கு மங்கலாக்கி, இன்வெர்ட் செய்து, ஓவர்லே முறையில் பாதி அடர்த்தியில் வையுங்கள். வெளிச்சம் சமப்படும். பிறகு லேயர்களை ஒன்றாக்குங்கள்.

3. ஆஃப்செட் வசதியில் அகலத்திலும் உயரத்திலும் பாதி அளவு, அதாவது 1024க்கு 512, நகர்த்துங்கள். வெளியேறும் பகுதி மறுபக்கம் வந்துசேரும் தெரிவு இயங்க வேண்டும். இப்போது ஓரங்கள் நடுவில் சிலுவைக்கோடாகத் தெரியும்.

4. குளோன், ஹீல் கருவிகளால் அந்தக் கோட்டை மறையுங்கள். புதிய ஓரங்களைத் தொடாதீர்கள்.

5. ஆணித்துளை, கிழிந்த சுவரொட்டி போன்ற தனி அடையாளங்களை நீக்குங்கள். இல்லாவிட்டால் அதே துளை மதில் நெடுகத் திரும்பத் திரும்ப வரும்.

6. மூன்றுக்கு மூன்றாக அடுக்கிப் பார்த்து, பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள்.

கிம்பில் இதைத் தானாகவே செய்யும் டைல் சீம்லெஸ் ஃபில்டர் உண்டு. மணல், சீமெந்துத் தரை போன்றவற்றுக்கு அது போதும். செங்கல் வரிசையில் இரட்டை உருவம் விழும்.

அனுமதியும் உரிமையும்

திருகோணமலையில் எல்லாச் சுவரையும் படமெடுக்க முடியாது. துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. கோணேச்சரத்துக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அனுமதியின்றி அங்கே கமராவை எடுக்க வேண்டாம். வீட்டு மதிலானாலும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்துவதும் சிக்கல்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படங்களையும் பாதுகாக்கிறது.

ஒவ்வொரு படத்தோடும் இடம், திகதி, சுவரின் உண்மையான அகலம் மூன்றையும் குறித்து வையுங்கள். அகலம் தெரிந்தால்தான் திரையில் கல் சரியான அளவில் வரும். பழைய மதில் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் சீமெந்துக்கல் எழும் நாளில், அது எப்படி இருந்தது என்பதற்கு இந்தக் கோப்பும் குறிப்புமே மிஞ்சியிருக்கக்கூடும்.