ஹூவரின் இரு வாழ்வு

முதல் உலகப் போரில் பட்டினியுற்ற பெல்ஜிய மக்களுக்கு உணவளித்துப் புகழீட்டிய ஹேர்பேர்ட் ஹூவர், 1929 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியானார். அதே ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது.

சரிவு அவர் செய்த குற்றமன்று. ஆயினும் 1930இல், ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலறிஞர் தடுத்தும், இறக்குமதித் தீர்வையை உயர்த்தும் சட்டத்திற் கையொப்பமிட்டது அவர் பிழையே. பிற நாடுகளும் பதிலுக்குத் தீர்வை விதித்தன. வாணிகம் மேலுஞ் சுருங்கிற்று. வங்கிகளுக்குக் கடன் வழங்க 1932இல் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவியவர், வேலையற்றோருக்கு மத்திய அரசு நேரே பணங் கொடுப்பதற்கு மட்டும் இசையவில்லை. பெல்ஜியத்துக்குச் சோறிட்ட கை இங்கே தயங்கியது வியப்பே. வீடிழந்தோர் தகரத்தாலும் பலகையாலும் அமைத்த சேரிகளுக்கு ‘ஹூவர்வில்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

1945இற் கிடைக்கவேண்டிய உபகாரப் பணத்தை முன்னதாகவே கேட்டு வாஷிங்ரனில் முகாமிட்டிருந்த முன்னாட் போர்வீரரை, 1932 ஜூலையில் இராணுவம் விரட்டியது, குடில்கள் எரிந்தன. தளபதி மக்ஆதர் கட்டளையை மீறிச் சென்றாரெனினும், பழி ஹூவரையே சேர்ந்தது. நவம்பர்த் தேர்தலில் 48 மாநிலங்களில் 6 மட்டுமே அவருக்குக் கிட்டின.

1946இல் சனாதிபதி ட்ரூமன் அவரை மீண்டும் பொதுப்பணிக்கு அழைத்தார். எழுபதைக் கடந்த ஹூவர், இந்தியா உட்படப் பல நாடுகளுக்குச் சென்று உணவு நிலையை ஆராய்ந்தார். மறு ஆண்டு, போரில் அழிந்த ஜேர்மனியிற் பள்ளிச் சிறுவர்க்கு உணவு வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அவ்வுணவையும் மக்கள் ஹூவரின் பெயராலேயே அழைத்தனர்.