இருபது ஆண்டு எழுதிய இரவு

1987 அக்டோபரில் அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டது. தீபாவளி நாளான 21-ம் தேதி, பெரியாஸ்பத்திரிக்குள் படையினர் புகுந்து சுட்டார்கள். நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்து விழுந்தார்கள். தமிழ்நாட்டில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கணக்கையெல்லாம் யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு பெண் முடிவு செய்தார்.

அவர் பெயர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். வயது முப்பத்து மூன்று. கணவர் சிங்களவர், இரண்டு மகள்கள். ஒரு காலத்தில் புலிகள் இயக்கத்திலேயே இருந்து, பிறகு வெளியேறியவர். லண்டனிலோ வேறெங்கோ வசதியாக இருந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்து வகுப்பெடுத்தார். படையினரிடம் சிக்கிச் சீரழிந்த பெண்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார். பல்கலைக்கழக சகாக்கள் மூவர் சேர்ந்தார்கள்: ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் கணித ஆசிரியர்கள், தயா சோமசுந்தரம் மனநல மருத்துவர். நால்வரும் எழுதிய புத்தகத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. அது யாரையும் விட்டுவைக்கவில்லை. இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் எல்லாருடைய குற்றமும் அதில் பதிவானது. யாழ்ப்பாணத்தில் அப்போது துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரையும் ஒரே புத்தகத்தில் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது நால்வருக்கும் தெரிந்தே இருந்தது.

1989 செப்டம்பர் 21. ராஜினி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது புலிகளே என்று குடும்பத்தாரும் சகாக்களும் சொல்லிவந்திருக்கிறார்கள். மறு ஆண்டு, ‘முறிந்த பனை’ என்ற அந்தப் புத்தகத்தின் ஆங்கில மூலம் முழுமையாக அச்சேறியது, கலிபோர்னியாவில் கிளேர்மான்ட் என்ற ஊரில். ஊரில் உயிரோடு நடமாட முடியாத புத்தகம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதே 1990-ல் ஊரில் இருக்க முடியாத மனிதர்களும் கிளம்பினார்கள்.

ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. காசு இருந்தவர்கள் கொழும்பு போய் விமானம் பிடித்து டொரன்டோ, லண்டன் என்று பறந்தார்கள். இல்லாதவர்கள் மன்னார்க் கரையில் படகேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அந்த மூலைகளில் ஒன்று ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி.  ஒரு பக்கம் சிப்காட் ஷெட்டுகளும் இரும்பு உருக்காலைகளும், இன்னொரு பக்கம் முகாம். அடுத்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதன்பிறகு முகாமில் க்யூ பிராஞ்ச் போலீசின் கண்காணிப்பு இறுகியது. கணக்கெடுப்புக்கு ஆள் நிற்காவிட்டால் அரசு தரும் பணக்கொடைக்கு ஆபத்து. ஆண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பெயின்ட் அடிக்கிற கூலி வேலை. படகேறியவர்களின் கதை இப்படி நின்றுபோக, கடலுக்கு அப்பால் மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் ஒரு பத்து வயதுச் சிறுமி வளர்ந்துகொண்டிருந்தாள்.

வாசுகி கணேசானந்தன் 1980-ல் அமெரிக்காவில் பிறந்தவர். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் கொழும்புக் கலவரத்தையும் பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் அறிந்தார். ஹார்வர்டில் சேர்ந்தார், மாணவர் நாளிதழில் வேலை பார்த்தார். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். அவர் ஒரு கதை எழுதலாம் என்று நினைத்தார். வழிகாட்டியாக வாய்த்தவர் ஜமைக்கா கின்கெய்ட். ஆன்டிகுவா தீவிலிருந்து பதினேழு வயதில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அமெரிக்கா வந்து எழுத்தாளரானவர். குட்டித் தீவு ஒன்றின் வலியை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவரிடமே அந்தப் பெண் போய்ச் சேர்ந்தது நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆய்வேடு வளர்ந்து 2008-ல் ‘லவ் மேரேஜ்’ என்ற நாவலாக வந்தது. கதாநாயகி யாழினி பிறக்கும் நாள் 1983 ஜூலைக் கலவர நாள்; பிறக்கும் இடம் அமெரிக்கா. முன்னாள் புலியான மாமா குமரன் டொரன்டோவில் சாகக் கிடக்கிறார். அவர் படுக்கையருகே உட்கார்ந்து அவள் குடும்பத்தின் கதையைக் கேட்கிறாள். ஆரஞ்சு விருதின் நெடும்பட்டியலில் அது இடம்பிடித்தது. அழகான நாவல். ஆனாலும் அதில் போர் என்பது தூரத்து ஊரின் செய்தி, கேட்கிறவளுக்குக் காயமில்லை. இந்தக் குறை எழுதியவருக்கே உறுத்தியிருக்குமோ என்னவோ, முதல் நாவல் அச்சேறும் முன்பே அவர் இன்னொன்றைத் தொடங்கிவிட்டிருந்தார்.

தொடங்கிய இடம் ஐயோவா. 1973-ல் நம் அசோகமித்திரன் போய்த் தங்கி, ‘ஒற்றன்’ நாவலுக்குச் சரக்கு சேர்த்துவந்த அதே பல்கலைக்கழக ஊர். அங்கே எழுத்துப் பட்டறையில் படித்துக்கொண்டிருந்தபோது வாசுகிக்கு ஒரு பெண் மருத்துவர் மனதில் வந்து உட்கார்ந்தார். ராஜினி திராணகம. கிளேர்மான்டில் அச்சான புத்தகம், எழுதியவர்களில் ஒருவர் செத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, தனக்கான வாசகியைப் பிடித்துவிட்டது. இம்முறை மாமா சொல்லக் கேட்கும் மருமகள் போதாது, யாழ்ப்பாணத்துக்குள்ளேயே நிற்கிற ஒருத்தி வேண்டும் என்று வாசுகி தீர்மானித்தார். அங்கே ஆரம்பித்தது சிக்கல்.

போர் நடந்த காலத்தில் அவர் அந்த ஊரில் வாழ்ந்ததில்லை. 1981-ல் யாழ்ப்பாணத்துச் சமையலறையில் அடுப்பு எப்படி இருந்தது, ஊரடங்கில் பாண் எப்படிக் கிடைத்தது, ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்து முதல் காட்சி உருவாயிற்று. பதினாறு வயது சசி தேநீருக்குக் கொதிக்க வைத்த வெந்நீரைத் தன்மேல் கொட்டிக்கொள்கிறாள். அலறல் கேட்டு, தெருவில் சைக்கிளில் போன பக்கத்து வீட்டுப் பையன் கே. உள்ளே ஓடிவருகிறான். முட்டைகளை உடைத்து வெள்ளைக்கருவை வெந்த இடத்தில் ஊற்றுகிறான். இருவருக்கும் டாக்டராக ஆசை. அவள் ஆவாள், அவன் இயக்கத்துக்குப் போவான். பின்னாளில் அவன் நல்லூரில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்து சாகும்போது, பக்கத்தில் நிற்கும் மருத்துவம் தெரிந்தவள் அவள்தான். 1987 செப்டம்பரில் பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்து செத்த திலீபனை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது. சசிக்கு நான்கு சகோதரர்கள். மூத்தவன் நிரஞ்சனை 1983 ஜூலை கொண்டுபோகிறது. இருவர் புலிகளிடம் போகிறார்கள். சசிக்கு ஆசிரியையாக அஞ்சலி என்ற பெயரில் நாவலுக்குள் வந்து நிற்பவர், வேறு யார், ராஜினிதான்.

எழுதுகிற வேகத்தைவிட வரலாறு வேகமாக ஓடியது. நாவல் தொடங்கப்பட்டபோது போர் நிறுத்தம் அமலில் இருந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. எழுதிக்கொண்டிருந்த நாவலின் கடைசிப் பகுதி அப்போதுதான் நிஜத்தில் நடந்தது! சசியை 2009-ன் நியூயார்க்கில் நிறுத்தி, அங்கிருந்து திரும்பிப் பார்க்கவைக்கிற சட்டகம் புத்தகத்துக்கு அமைந்தது. பாதி எழுதியதைச் சிறுகதைகளாக ‘கிராண்டா’விலும் ‘பிளவ்ஷேர்ஸ்’ இதழிலும் வெளியிட்டார். மிச்சிகனில் பாடம் நடத்தினார், மினசோட்டாவுக்கு மாறினார். முதல் நாவல் வந்து பத்தாண்டு ஓடிற்று. இரண்டாவதைக் காணோம். அமெரிக்கப் பதிப்புலகில் பத்தாண்டு மௌனம் என்றால் ஆளை மறந்துவிடுவார்கள்.

ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2023 ஜனவரியில் ‘பிரதர்லெஸ் நைட்’ வெளியானது. படிக்கும்போது அந்தத் தாமதத்தின் நியாயம் தெரிகிறது. புலிகளின் மருத்துவ முகாமில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற சசியே, அவர்கள் செய்த கொலைகளையும் பதிவு செய்கிறாள். இந்திய ராணுவத்தின் அட்டூழியமும் தப்பவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தப் பக்கங்கள் சுலபமாகத் தொண்டைக்குள் இறங்காது. யாரையும் விட்டுவைக்காத பழைய வில்லங்கம் அப்படியே இந்தப் புத்தகத்துக்கும் வந்திருந்தது. விற்குமா, விருது கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

2024-ல் மூன்று தேதிகள். மார்ச் 11: குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறிய கும்மிடிப்பூண்டியில், படகில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதனால் ஒன்றும் மாறவில்லை. அவர்கள் கதையைச் சொல்ல, தொ. பத்தினாதனின் ‘போரின் மறுபக்கம்’ போல அகதியே எழுதிய தன்வரலாறு தமிழில் உண்டு. மே 13: இரண்டாவது முறையாகவே வழங்கப்பட்ட கரோல் ஷீல்ட்ஸ் விருது, 1,50,000 டாலர், வாசுகிக்குக் கிடைத்தது. ஜூன் 13: லண்டனில் பெண்கள் புனைகதை விருது, 30,000 பவுண்டு. ஒருகாலத்தில் ஆரஞ்சு என்ற பெயரில் நெடும்பட்டியலோடு அவரை அனுப்பிவைத்த அதே விருது. நடுவர் குழுவின் தலைவர் மோனிகா அலி. அவர் டாக்காவில் பிறந்தவர். 1971-ல் வங்கதேசப் போர் மூண்டபோது மூன்று வயதுக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்.