புத்தளக் கரையில் வெயிலும் காற்றும்

கி.பி. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நாடிப் புறப்பட்டார் அறபுப் பயணி இப்னு பதூதா. தேர்ந்த மாலுமியின்றிச் சென்ற அம்மரக்கலம், மூன்று நாட் பயணத்துக்கு ஒன்பது நாட்களைக் கழித்து, ஈற்றில் இலங்கையிற் கரைசேர்ந்தது. அவர் 'பத்தாலா' எனக் குறித்த பட்டினம் இன்றைய புத்தளம் என்பது அறிஞர் துணிபு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் அரண்மனையையும் கரையிற் குவிந்து கிடந்த கறுவா மரங்களையும் அவர் கண்டார். காற்று இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவருள் அவர் முதல்வரும் அல்லர், இறுதியானவரும் அல்லர்.

காற்றுக்கு நிகரான செல்வம் இங்கு வெயில். புத்தளத்து உப்பளங்கள் உண்மையில் வெயிலையும் காற்றையும் கொண்டு இயங்கும் ஆலைகளே. களப்பின் உவர்நீரை வரம்பு கட்டிய பாத்திகளிற் பாய்ச்சி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற மாற்ற, வெயில் நீரை ஆவியாக்கும். காற்று அவ்வாவியை அப்புறப்படுத்தும். முதலிற் சுண்ணமும் அடுத்து ஜிப்சமும் படியும். போமே மானி ஏறத்தாழ 25 பாகையைக் காட்டும்போதே உப்பு விளையத் தொடங்கும். இவ்வாறு விளைந்த உப்பைச் சேமித்து வைக்கப்பட்ட வெயில் என்றே சொல்லலாம். குவித்து ஓலையால் மூடிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். மாட்டு வண்டியில் ஏற்றினால் மலைநாடு வரை செல்லும்.

வெயில் எல்லார்க்கும் பொது. வரம்பும் களஞ்சியமும் பாதையும் என்றும் பொதுவாய் இருந்ததில்லை. உப்பு விளையாத கண்டி இராச்சியம் அதற்குக் கரையையே நம்பியிருந்தது. 1667ஆம் ஆண்டில் தொடங்கிக் கற்பிட்டியில் கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர் களப்பின் வாயிலைக் காவல் செய்தபோது, மலைநாட்டாரின் உப்புக்கும் காவலராயினர். பின்வந்த ஆங்கிலேயர் உப்பைத் தம் அரசின் தனியுரிமை ஆக்கினர். இதே கேள்வி மின்சாரத்திலும் மீண்டும் எழுந்தது. உப்பின் கதையை ஈண்டு இத்துணை விரிப்பதன் காரணமும் அதுவே.

ஒளியை நேரே மின்னாக்கும் பயனுள்ள சிலிக்கன் கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வெளிப்படுத்தப்பட்டது. சிலிக்கன் என்னும் குறைகடத்தியில் ஒளி விழும்போது இலத்திரன்கள் விடுபடுகின்றன. கலத்தின் உள்ளே அமைந்த மின்புலம் அவற்றை ஒரு திசையில் தள்ள, நேரோட்டம் பிறக்கிறது. அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. ஆதலின் அத்தகடு பல்லாண்டு உழைக்கும்.

இலங்கையில் 1990களின் பிற்பகுதி முதல் உலக வங்கியின் கடனுதவியோடு மின்கம்பி எட்டாத கிராமங்களில் இத்தகடுகள் பரவின. அடுத்த பதினைந்து ஆண்டளவில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அவற்றைப் பெற்றன. கூரைமேல் ஒரு தகடு, மூலையில் 12 வோல்ற்று ஈய பற்றரி, நான்கைந்து விளக்கு, ஒரு வானொலி: அவ்வளவே. மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து விடுபட்ட வீட்டுக்கு அது சிறிதன்று. எனினும் தகடு நிலைத்தது. பற்றரியோ சில ஆண்டுகளில் தளர்ந்தது. வெயிலைப் பெறுவதினும் வைத்திருப்பதே அரிது என்பதை அக்குடும்பங்கள் காசு கொடுத்துக் கற்றன.

காற்றின் கதை வேறு. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் வலு எண்மடங்காகும். வேகம் பாதியானால் வலு எட்டிலொன்றாகச் சுருங்கும். தென்னைகளுக்கிடையே தாழ்ந்து நிற்கும் வீட்டின் கூரையில் காற்று தடைப்பட்டுச் சுழலும். உப்புக் காற்று இரும்பை அரிக்கும். அதனால் வீட்டுக் காற்றாடி இக்கரையிலும் பெருகவில்லை. 1970களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் உதவியோடு நாட்டில் அமைக்கப்பட்ட காற்றாடிகள் கூட விளக்கேற்ற அல்ல, நீரிறைக்கவே முயன்றன. தொட்டியில் நிறைந்த நீர் சேமித்த காற்றன்றோ! பேராலைகளுக்கோ கற்பிட்டிக் குடாநாடு உகந்த இடம். 2010ஆம் ஆண்டில் மாம்புரி, சேகுவந்தீவு ஆகிய இடங்களில் ஏறத்தாழ 10 மெகாவாற்று ஆலைகள் எழுந்தன. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றின் விளைச்சற் காலம். அவற்றின் மின் அயலிலுள்ள குடிசைக்கு நேரே செல்வதில்லை. நாட்டின் மின்வலையிற் கலக்கிறது. அதே கரையில், நுரைச்சோலையில், 2011க்கும் 2014க்கும் இடையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் நிறைவுற்றது.

2016 செப்டெம்பரில் அரசு தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டம் வீட்டுக் கூரைகளை இவ்வலையோடு பெருமளவில் இணைத்தது. தகட்டின் நேரோட்டத்தை இன்வேட்டர் 230 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்றும். வீடு உண்டது போக எஞ்சியது வெளியே செல்லும். மின்மானி இரண்டையும் கணக்கிடும். இரவில் வலையிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். பற்றரிச் செலவு நீங்கிற்று. களஞ்சியம் மட்டும் வீட்டை விட்டு வெளியேறிற்று.

அதன் பொருள் 2025 பெப்ரவரி 9ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கால் நேர்ந்த தடங்கல் நாடு முழுவதையும் மின்னற்றதாக்கியது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. வெயிலோ எறித்துக்கொண்டிருந்தது. ஆயினும் வலையோடு மட்டும் இணைந்த கூரைகளும் உடன் அணைந்தன. கம்பியைச் செப்பனிடுவோர் உயிரைக் காக்கும்பொருட்டு, வலையில் மின் இல்லாதபோது இன்வேட்டர் தானே நின்றுவிடும் வண்ணம் அமைக்கப்பட்டிருக்கிறது. பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் உடைய சில வீடுகளே தம் கூரையின் மின்னைத் தாம் துய்த்தன. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்திருந்ததால், பிற்பகல் 3 மணி வரை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வீட்டுடைமையாளரை வேண்டிக்கொண்டது. அந்நாட்களின் இரவு விளக்குகளுக்கு வழக்கம்போல் நீரும் நிலக்கரியும் எண்ணெயுமே பெரிதும் மின் தந்தன.