எந்தத் தேடுபொறி சிறந்தது? கண்ணில் படாதவற்றின் கணக்கு

2012-இல் மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் ஒரு விளம்பரப் போட்டி நடத்தியது. ஒரே கேள்விக்குத் தன் தேடுபொறியான பிங்கும் கூகுளும் தரும் முடிவுகளைப் பெயரை மறைத்து அருகருகே வைப்பார்கள். ஐந்து கேள்விகளைத் தட்டிப் பார்த்து, எது பிடித்தது என்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வில், கூகுளைத் தேர்ந்தவர்களைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கினர் பிங்கைத் தேர்ந்தார்கள் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டே யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் தம் குழுவுடன் அந்தப் போட்டியைத் தனியாக நடத்திப் பார்த்தார். 53 விழுக்காட்டினர் கூகுள் பக்கம், 41 விழுக்காட்டினர் பிங் பக்கம். பிங் தானே எடுத்துக் கொடுத்த கேள்விகளில் ஏறத்தாழச் சமநிலை. மக்கள் தாமாக யோசித்துக் கேட்டவற்றில் கூகுள் தெளிவாக முந்தியது. கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. அதைவிட ஆழமான குறை ஒன்று இரண்டு சோதனைகளுக்கும் பொது. திரையில் வந்ததைப் பார்த்துத்தான் மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். வராமல் போனதை எவரும் பார்க்கவில்லை. பயன்படுத்துபவரின் திருப்தி தரத்துக்குச் சான்றாகாது என்பது இணையம் பிறப்பதற்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை.

தரத்தை அளக்கும் வழியைத் திறந்தவர் ஒரு நூலகர். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகரான சிரில் கிளெவர்டன். ஆய்வுக் கட்டுரைகளை எப்படி வகைப்படுத்தி வைத்தால் கேட்டதும் எடுக்கலாம் என்று நூலகத் துறையினர் கட்சி கட்டி வாதாடிக்கொண்டிருந்த 1950-களின் இறுதியில், வாதத்தை விட்டுவிட்டு அவர் சோதனையில் இறங்கினார். 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் அட்டவணைப்படுத்தி, 1,200 கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். நான்கு முறைகளின் வெற்றியும் 74-க்கும் 82-க்கும் இடைப்பட்ட விழுக்காட்டில் நின்றது. தேட வேண்டிய ஆவணத்திலிருந்தே கேள்வியை உருவாக்கினால் சோதனை எப்படி நேர்மையாகும் என்று விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம். 1960-களில் நடந்த இரண்டாம் சோதனையில் 1,400 ஆவணங்கள் மட்டுமே. கட்டுரையாசிரியர்களிடமே, தங்களை அந்த ஆய்வுக்குள் இழுத்த கேள்வி எது என்று எழுதி வாங்கினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பொருந்தும் ஆவணங்கள் எவை என்று ஆட்கள் படித்துப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். அதனால் இரண்டு கணக்குகளைப் போட முடிந்தது: வந்தவற்றுள் எத்தனை பயன்படும், பயன்படுபவற்றுள் எத்தனை வந்தன. வல்லுநர்கள் பாடுபட்டுக் கட்டிய வகைப்பாடுகளைவிட, ஆவணத்தின் சொற்களையே ஒவ்வொன்றாக எடுத்து அட்டவணையிட்ட எளிய முறை மேலாக நின்றது. துறையே நம்ப மறுத்த முடிவு அது. இன்றைய தேடல் பெட்டியின் வேர் அங்கே இருக்கிறது.

இரண்டாவது கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1985-இல் ஆய்வாளர்கள் டேவிட் பிளேரும் எம். ஈ. மாரனும் காட்டினார்கள். ஒரு பெரிய வழக்குக்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்களை ஐபிஎம் தேடல் மென்பொருளில் ஏற்றியிருந்தார்கள். தமக்கு வேண்டிய ஆவணங்களில் முக்கால் பங்காவது கைக்கு வந்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். வந்தது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு தரப்பு விபத்து என்று எழுதியதை மறுதரப்பு நிகழ்வு, நிலைமை, சிக்கல் என்றெல்லாம் எழுதியிருந்தது. விபத்து என்று தேடியவர் கையில் அவை சிக்கவில்லை. வந்தவற்றில் பெரும்பாலானவை பயனுள்ளவையாக இருந்ததால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

எது பொருத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறுமே, அதை வைத்து எப்படி அளப்பது என்ற மறுப்புக்குப் பலம் உண்டு. 1992 முதல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் டோனா ஹார்மன் தலைமையில் நடத்திய டிரெக் மாநாடுகள் அதற்கு விடை தந்தன. போட்டியிடும் எல்லாத் தேடல் அமைப்புகளின் முன்னணி முடிவுகளையும் ஒன்றாகக் கொட்டி, எது யாருடையது என்று தெரியாமல் மதிப்பீட்டாளர் படித்துத் தீர்ப்பிடுவார். ஒரே ஆவணக் குவியலை வெவ்வேறு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தபோது அவர்கள் அடிக்கடி முரண்பட்டார்கள் என்பதை எலன் வோர்ஹீஸ் 1998-இல் காட்டினார். ஆனால் எந்த அமைப்பு முதலிடம், எது கடைசி என்ற வரிசை பெரிதாக அசையவில்லை. தனித்தனித் தீர்ப்புகள் ஆடினாலும் ஒப்பீடு நிலைத்து நின்றது.

இணையத் தேடுபொறிகள் வந்த பிறகு இந்தப் பொதுக்களம் சுருங்கியது. 1998-இல் கூகுளை உருவாக்கிய செர்ஜி பிரின்னும் லாரி பேஜும் எழுதிய கட்டுரையிலேயே, அன்றைய முன்னணி வணிகத் தேடுபொறிகள் நான்கில் ஒன்றுதான் தன் பெயரைத் தேடினால் தன்னை முதல் பத்தில் காட்டியது என்று குறித்தார்கள். அப்படிப்பட்ட நிலையில் எத்தனை பக்கங்களைத் திரட்டினோம் என்பதே பெருமையானது. 2005-இல் யாஹூ 1,900 கோடிக்கு மேல் என்றது. கூகுள் தன் முகப்பிலிருந்த எண்ணிக்கையையே எடுத்துவிட்டது. இணையம் மிகப் பெரியது, நொடிக்கு நொடி மாறுவது, அதை வெளியாள் அளக்க முடியாது என்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் டேவிட் ஹாக்கிங்கும் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பொதுத் தேடுபொறிகளை, மக்கள் உண்மையில் தட்டிய 54 கேள்விகளைக் கொண்டு ஒப்பிட்டுக் காட்டினார்கள். முழுமையான பட்டியல் கைக்குக் கிடைக்காது என்பது உண்மை. ஒன்று கண்டுபிடித்ததை மற்றொன்று தவறவிட்டது என்பதையாவது காட்ட முடியும். ஒப்பிட அது போதும்.

கோடிக்கணக்கான சொடுக்குகள் நிறுவனங்களிடம் இருக்கும்போது இத்தகைய சிறு சோதனைகள் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோவாகிம்ஸ் குழு கூகுளின் பத்து முடிவுகளையும் தலைகீழாக அடுக்கிக் காட்டிப் பார்த்தது. மேலே நின்ற காரணத்துக்காகவே மோசமான முடிவுகளும் கூடுதல் சொடுக்குகளைப் பெற்றன. நிறுவனங்கள் இதைச் சரிக்கட்டிக் கணக்கிடும் வழிகளை வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க வெளியில் இருப்பவருக்கு வழியில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா கூகுளைத் தேடல் சந்தையின் ஏகபோகமெனத் தீர்ப்பளித்தபோது, கூகுளின் தரம் மேலானது என்பதையும் ஏற்றார். அதே தீர்ப்பில், 2020-இல் கூகுள் தன் தேடலின் தரத்தை வேண்டுமென்றே குறைத்தால் என்னவாகும் என்று உள்ளுக்குள் ஆராய்ந்த செய்தியும் இருக்கிறது. தரம் கணிசமாகக் குறைந்தாலும் வருவாய் குறையாது என்பதே அதன் முடிவு. அந்த ஆய்வு வழக்கு நடந்ததால்தான் வெளியே வந்தது.