காய்தலின் இரண்டு காலங்கள்

ஓவியத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் பார்வையைப் பற்றியவை. கலைஞனின் தரிசனம், அவன் காலத்தின் நெருக்கடி, கோடு, வெளி என்றெல்லாம் பேசுகிறோம். வர்ணம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதை விமர்சனத்துக்குரிய கேள்வியாக யாரும் கருதுவதில்லை. அது பட்டறைச் சமாச்சாரம். நான் ஓவியன் அல்ல. சில வருஷங்களாகக் கட்டைவிரல் உயரமுள்ள சிறு பொம்மைகளுக்கு அக்ரிலிக் வர்ணம் தீட்டிவருகிறேன், அவ்வளவே. ஆனால் தட்டில் வர்ணம் காய்ந்துபோவதோடு தினமும் மல்லுக்கு நிற்பவனுக்கு, ஓவிய வரலாறு வேறொரு கோணத்திலிருந்து தெரிய ஆரம்பிக்கிறது.

'மினியேச்சர்' என்ற சொல்லுக்கு மூலத்தில் அளவோடு சம்பந்தம் கிடையாது. லத்தீனில் 'மினியம்' என்றால் ஈயச் சிவப்பு. சுவடிகளின் தலையெழுத்துக்களை அந்தச் சிவப்பால் எழுதியவர்களின் வேலையிலிருந்து பிறந்த சொல் அது. சிறியது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தக் கலையின் பெரிய பெயர் நிக்கலஸ் ஹில்லியர்ட் (1547–1619). 1600ஐ ஒட்டி அவர் எழுதிய கையேடு இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. பட்டு உடுத்துங்கள், பஞ்சுத் தூசி விழாது. தலைப்பொடுகு உதிராமல் பாருங்கள். படத்தின்மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் தெறிக்கும் என்கிறார். ஓர் எச்சில் துளிக்கு ஏன் இவ்வளவு பயம்? அவருடைய வர்ணத்தைப் பிணைத்தது கருவேலப் பிசின் வகை. தண்ணீர் பட்டால் அது மறுபடி கரையும். சிப்பி ஓட்டில் காய்ந்த வர்ணத்தை ஈரத் தூரிகையால் எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடலாம். அதே காரணத்தால் முகத்தில் காய்ந்த வர்ணமும் எழுந்துவிடும். மேலே ஒரு பூச்சை அகலமாக இழுத்தால் கீழே உள்ளது கலங்கும். ஆகவே புள்ளிகளாலும் மயிரிழைக் கோடுகளாலும் தொட்டும் தொடாமலும் வேலை செய்ய வேண்டியிருந்தது. நாம் நளினம் என்று சொல்வதில் பாதி பிசினின் நிர்ப்பந்தம்.

இதை ஒரு சூத்திரமாகவே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வர்ணத்துக்கு இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று தட்டில் அது உயிரோடிருக்கும் காலம். மற்றது படத்தில் அது இறுகும் காலம். முதலாவது நீண்டதாகவும் இரண்டாவது குறுகியதாகவும் இருக்கவேண்டும் என்பதே நுண்வேலை செய்பவனின் ஆசை. எந்த ஊடகமும் இதைத் தானாகக் கொடுத்ததில்லை. முட்டைக்கரு வர்ணம் இரண்டு இடத்திலும் சீக்கிரம் காயும். எனவே இத்தாலியச் சுவர்ப்பலகைப் படங்களில் நிழல்கூடக் கோடுகோடாக விழுகிறது. ஆளி விதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை மெல்ல ஏற்று இறுகுவது; இரண்டு இடத்திலும் நாட்கணக்கில் இளகியிருக்கும். வெனிஸ் ஓவியர்களின் கரைந்து குழையும் சதைநிறம் அந்தச் சாவகாசத்தில் பிறந்தது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் நசுக்கிப் பிதுக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெறும்வரை, எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டிவைத்திருந்தார்கள். வீட்டுக்கு வெளியே போய் வெயிலைத் தீட்டிய இம்ப்ரஷனிஸத்துக்கு அந்தக் குழாயும் ஒரு தகப்பன்.

அக்ரிலிக் ஓவியனுக்காகப் பிறந்ததல்ல. ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய ரசாயனி 1901இல் தன் ஆய்வேட்டை அக்ரிலிக் அமிலத்திலிருந்து கிடைத்த பொருள்களைப் பற்றி எழுதினார். 1907இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். 1933இல் பிளெக்ஸிகிளாஸ் வந்தது. யுத்தத்தில் அது விமானங்களின் கண்ணாடிக் கூண்டானது. ஓவியர்களுக்கு முதலில் கிடைத்த அக்ரிலிக், லெனர்ட் போகோரும் சாம் கோல்டனும் 1940களின் இறுதியில் நியூயார்க்கில் தயாரித்த 'மாக்னா'. அதைக் கரைப்பது டர்பென்டைன் வகை திரவம். காய்ந்த பிறகும் அதே திரவத்தில் மீண்டும் கரையக்கூடியது. மாரிஸ் லூயிஸும் லிக்டன்ஸ்டைனும் அதைப் பயன்படுத்தினார்கள். நாம் இன்று அக்ரிலிக் என்று சொல்லும் தண்ணீர் வர்ணத்தின் தாய் வேறு: 1953இல் ரோம் அன்ட் ஹாஸ் வீட்டுச் சுவர்களுக்காக வெளியிட்ட ஒரு பால்மம். ஹென்ரி லெவிஸன் அதை ஓவியனின் புட்டிக்குள் கொண்டுவந்தார். 1955இல் 'லிக்விடெக்ஸ்' பிறந்தது.

பாலில் கொழுப்பு மிதப்பதுபோல இதில் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாகப் போகப்போக உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே தோலாகிவிடுகின்றன. அதன்பின் தண்ணீர் ஊற்றி அழுதாலும் திரும்பாது. சுவர் பூசுபவனுக்கு இது வரம்: மத்தியானம் ஒரு பூச்சு, சாயங்காலம் இன்னொன்று. ஓவியனுக்கு இது கெடு. 1960களின் தட்டையான நிறப்பரப்புகளையும் கத்திமுனை விளிம்புகளையும் கோட்பாடுகளைக் கொண்டே விளக்கியவர்கள் இந்தக் கெடுவைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஹாக்னியின் 1967ஆம் வருஷத்து நீச்சல்குளப் படத்தில் வானமும் சுவரும் தண்ணீரும் சலனமற்ற அக்ரிலிக் தளங்கள். இரண்டு விநாடியில் அடங்கிவிடும் நீர்த்தெறிப்பைத் தீட்ட மட்டும் அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

பொம்மைக்கு வருகிறேன். இங்கே ஒரு கண்ணிமைக்கு வேண்டிய வர்ணம் ஊசிமுனை அளவு. அவ்வளவு சிறிய துளி, தட்டில் சில நிமிஷங்களில் தோலாகிவிடும். கம்பெனிக்காரர்கள் கண்ட வழி, புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவத்தைச் சேர்த்துக் காய்தலைத் தாமதிப்பது. 2008இல் கோல்டன் கம்பெனி 'ஓபன்' என்று வர்ண வரிசையையே அப்படி மந்தமாக்கி வெளியிட்டது. பெரிய திரைச்சீலையில் குழைத்துத் தீட்டுபவனுக்கு அது நல்லது. பொம்மைக்கு உதவாது. திரவம் வர்ணத்துக்குள் கலந்திருக்கிறது. தூரிகையோடு பொம்மைக்கும் போகிறது. தட்டில் கிடைத்த லாபம் பொம்மையில் நஷ்டம். பூச்சு பிசுபிசுத்து நிற்கும். அடுத்த பூச்சு முந்தியதைப் பிய்க்கும். ஹில்லியர்டின் பிரச்னை திரும்பிவிடும்.

தீர்வு ரசாயனத்துக்கு வெளியே இருந்தது. மூடியுள்ள ஒரு தட்டையான டப்பா. அதில் நனைந்த ஸ்பாஞ்சு. அதன்மேல் கேக் சுடும்போது விரிக்கும் பட்டர் பேப்பர். பேப்பரின்மேல் வர்ணம். மேலே ஆவியாகும் தண்ணீரைக் கீழேயிருந்து கசியும் ஈரம் ஈடுசெய்கிறது. மூடிவைத்தால் நாட்கணக்கில் இருக்கும். தண்ணீர் நாறாதிருக்கச் சிலர் ஒரு செப்புக் காசைப் போட்டுவைப்பதுண்டு. ஸ்பாஞ்சு அளவு மீறி நனைந்தால் வர்ணம் தானே நீர்த்து ஓடும். மினுங்குமளவு ஈரம் போதும். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிவைக்கும் நம் பாட்டிமார்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் வர்ணத்தின் வரலாற்றில் இது சாமானிய காரியமல்ல. தாமதம் வர்ணத்துக்குள் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. இடத்தை விட்டுத் தூரிகையில் ஏறிய கணமே வர்ணம் தன் பழைய அவசரத்துக்குத் திரும்புகிறது. இரண்டு காலங்களும் பிரிந்துவிட்டன. கீழே உள்ளது கலங்காமல், ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடி போன்ற பூச்சுகளை அரை அங்குல முகத்தில் அடுக்க முடிவது இதனால்தான்.

எழுதுகிறவர்களாகிய நமக்கு இதில் யோசிக்க இடமிருக்கிறது. சொல்லுக்கும் இரண்டு காலங்கள் உண்டு. சொல்லை இளக்கமாக வைத்திருக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த இளக்கத்தைக் கவிதைக்குள்ளேயே கலந்துவிடுகிறார்கள். அச்சான பிறகும் வரிகள் பிசுபிசுத்து நிற்கின்றன, அதற்குப் பூடகம் என்று பெயரும் கொடுத்துவிடுகிறோம். மற்றொரு சாரார் நோட்டுப் புத்தகத்திலேயே சொல்லைக் காயவிட்டு, தோலை உரித்து ஒட்டுகிறார்கள். இளகியிருக்க வேண்டியது சொல் கிடக்கும் இடம். பக்கத்துக்கு வந்தபின் அது காய்ந்தாக வேண்டும்.