வெட்டும் சுமையும்: செஞ்சி வட்டார ஏரி வேலையில் சமக்கூலிக் கணக்கு

நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆகவே அந்த ஒரு களத்திலாவது கூலி இடைவெளி தீர்ந்துவிட்டது என்று எழுதும் ஆய்வு மரபு ஒன்று வலுவாக வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது வருகைப் பட்டியல். அந்தப் பட்டியலோடு எனக்குப் பிணக்கில்லை. 2006 பிப்ரவரி 2 அன்று திட்டம் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அன்று 80 ரூபாயாக இருந்த தமிழ்நாட்டுக் கூலி 2024-25இல் 319 ரூபாய் ஆனது. எந்த ஆண்டிலும் ஆண் கூலி, பெண் கூலி என இரண்டு தொகை அறிவிக்கப்பட்டதில்லை. என் ஐயம் அந்தத் தொகையை எட்டுவதற்கான அளவைப் பற்றியது.

செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை மலையான ராஜகிரிக்கு மேலேயே நின்றுவிடுகிறார்கள். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிறகு இந்த நாட்டம் கூடத்தான் செய்யும். மலையடிவாரத்து ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் தூர்வாருகிறவர்கள் வரலாற்றாசிரியர் கண்ணில் படுவது அரிது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாநில அளவில் இத்திட்டத்தின் மனித நாட்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்களுடையவை. சட்டம் கேட்டதோ மூன்றில் ஒரு பங்குதான்.

விவாதத்துக்குரிய ஆவணம் இத்திட்டத்தை உருவாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. ஓய்வு ஒரு மணி நேரம் உட்பட எட்டு மணி நேரம் வேலை செய்யும் வயதுவந்த ஒருவர் அறிவிக்கப்பட்ட கூலியை ஈட்டும்படி விலைவிகிதம் அமைய வேண்டும் என்றது அதன் பின்னர் திருத்தப்பட்ட வடிவம். பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனி விலைவிகிதம் வகுக்கவும் அது சொன்னது. இந்தத் தனி விகிதத்தை முந்தைய ஆய்வுகள் சலுகை என்றே படித்தன. பெண் குறைவாக வெட்டலாம், கூலி அதேதான். எனவே இது சமவேலைக்குச் சமக்கூலி என்ற கொள்கையிலிருந்து விலகி நலத்திட்டத்தின் பக்கம் சாய்கிறது என்பது அவ்வாசிப்பு. சட்ட வாசகத்தில் பெண்கள் முதியோரோடு சேர்த்து எண்ணப்பட்டிருப்பது அதற்கு இடம் தருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பொது விகிதம் எதை அளக்கிறது? மண் வேலைக்கான விலை கன மீட்டர் கணக்கில் வருகிறது. பணி முடிந்ததும் ஓவர்சியர் வந்து குழியின் நீளம், அகலம், ஆழம் பார்த்து அளவுப் புத்தகத்தில் குறிக்கிறார். வெட்டிய மண்ணைச் சட்டியில் அள்ளி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றி, கரைமேல் கொண்டுபோய்க் கொட்டுவது தனி வேலையாக அங்கே தோன்றாது. பொறியாளர் மொழியில் தொடக்க ‘லீடு’ம் ‘லிஃப்ட்’டும், அதாவது ஒரு வரம்பு வரையிலான தூரமும் உயரமும், வெட்டு விலைக்குள்ளேயே அடக்கம். அந்த வரம்பைத் தாண்டினால் தனி விலை உண்டு. அதைத் தனியே அளந்து எழுதினால்தான் கிடைக்கும். குழி மறுநாளும் கண்ணுக்குத் தெரியும். நடந்த நடை தெரியாது.

கடப்பாரை பெரும்பாலும் ஆண் கையில், சட்டி பெரும்பாலும் பெண் தலையில் என்பது மண் வேலையில் பழைய பிரிவினை. செஞ்சிப் பக்கத்துக் கப்பி மண்ணில் வெட்டே மெதுவாகத்தான் நகரும்; கரை உயரமாக இருந்துவிட்டால் வெட்டுகிற ஒருவருக்குச் சுமக்கிறவர்கள் பலர் தேவைப்படுவார்கள். அந்தக் கூடுதல் ஆட்களின் உழைப்பு குழியின் கன அளவில் ஒரு அங்குலமும் கூட்டாது. குழுவாக அளந்து தொகையைத் தலைக்குப் பங்கிடும்போது அனைவரின் கூலியும் ஒன்றாகக் குறையும். பட்டியலில் சமத்துவம் அப்படியே இருக்கும். நட்டத்துக்குக் காரணம் மட்டும் சுமந்தவர்களின் எழுதப்படாத நடை. இந்த வட்டத்து ஏரிகள் எல்லாவற்றிலும் இதுவே நடந்தது என்று நான் சொல்லவில்லை. விகிதத்தின் அமைப்பு இதற்கு வழிவிடுகிறது என்பது என் வாதம்.

இப்படிப் பார்த்தால் தனி விகிதம் திருத்தமாகிறது. பொது விகிதம் ‘பொது’வாக இருந்ததே இல்லை, வெட்டுகிற உடலை அளவாகக் கொண்டு, சுமக்கிற உடலை அதற்குள் இலவசமாக அடக்கிக்கொண்டது. திருத்தத்தைச் சட்டம் சலுகையின் மொழியில் சொன்னது அதன் கோளாறு. அந்த மொழியை ஆய்வாளரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

‘ஏரி வேலைக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு நடவுக்கு ஆள் கிடைக்காத நிலக்காரர்களுடையது. அதை இங்கே பொருட்படுத்தத் தேவையில்லை. ஆண்களே அதிகம் வராத களத்தில் யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்குக் கொஞ்சம் கனம் உண்டு. கட்டட வேலையில் கூடுதல் கூலி கிடைப்பதால் ஆண்கள் இங்கே வருவதில்லை. பெண்களுக்கு அந்த வழி அவ்வளவாகத் திறக்கவில்லை. அங்கே போனாலும் பெரும்பாலும் சித்தாள்தான், கொத்தனார் ஆவதில்லை. ஆகவே பட்டியலின் சமத்துவத்தில் பெரும்பகுதி, ஒப்பிட ஆண் இல்லாததால் வந்தது.

தனியார் நிலத்தில் இந்த ஒப்பீட்டுச் சிக்கல் இன்னும் வெளிப்படை. மல்லாட்டை (நிலக்கடலை) ஆய்வது பெண்கள் வேலை, கூலி அளவுக் கணக்கு. நடவும் களையெடுப்பும் அவர்களுடையவை. வரப்பு வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆண்களுடையவை. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஒரே வேலையை அல்லது ஒத்த தன்மையுடைய வேலையைத்தான் ஒப்பிடச் சொன்னது. 1987இல் ஆட்ரி டி கோஸ்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறு வேறுபாடுகளைப் பெரிதுபடுத்தாமல் பரந்த பார்வையில் ஒப்பிட வேண்டும் என்றது. ஆனால் அது ஒரே நிறுவனத்துச் சுருக்கெழுத்தாளர்களைப் பற்றிய வழக்கு. நடவை வரப்பு வெட்டோடு ஒப்பிட அந்தப் பரப்பும் போதாது. இந்தியா 1958இல் ஏற்றுக்கொண்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை சமமதிப்புள்ள வேலை என்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமோ ஒத்த வேலை என்ற பழைய வரம்பிலேயே நிற்கிறது.

எனவே செஞ்சி வட்டார ஏரி வேலையைப் பற்றி இனி எழுதப்படும் ஆய்வுகள் வருகைப் பட்டியலோடு நிற்காமல் அளவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். குறிப்பாக, கூடுதல் தூரத்துக்கும் உயரத்துக்கும் தனியே தொகை எழுதப்பட்டதா என்ற ஒரு பதிவை.